கதவின் இருபுறமும்: உயிரியல் பூங்காக்களில் வாலில்லாக் குரங்குகளின் உறைவிடம்

குளிர்நாடுகளின் உயிரியல் பூங்காக்களில் வாழும் வாலில்லாக் குரங்குகளுக்குப் பெரும்பாலும் இரண்டு உறைவிடங்கள் உண்டு. புல்லும் பாறையும் மரத்தண்டுகளுமாகப் பார்வையாளர் கண்முன் விரியும் வெளித்திடல் ஒன்று. அதன் பின்சுவருக்கு அப்பால், கம்பிவலையும் காங்கிரீட்டும் வெப்பமூட்டும் குழாய்களுமாக அமைந்த உள்ளறைகள் மற்றொன்று. பூங்காவின் விளம்பரப் படங்களிலும் கட்டடக்கலை இதழ்களிலும் இடம்பெறுவது முதலாவதுதான் என்றாலும், மாலை 5 மணிக்கு உள்ளே அழைக்கப்பட்டு மறுநாள் காலை 10 மணிக்கு வெளியே விடப்படும் ஒரு கொரில்லா, நல்ல கோடைநாளிலேயே 17 மணி நேரத்தை உள்ளறையில் கழிக்கிறது. வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் பல வாரங்கள் அது வெளித்திடலை மிதிப்பதே இல்லை. ஆகவே இவ்விலங்குகளின் வீட்டைப் பற்றிப் பேசுவோர் திடலின் பரப்பை மட்டும் அளந்தால், அவை வாழாத வீட்டையே பெரிதும் அளந்தவராவர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம், உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்ற கேள்வியையே சுற்றிவந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கதவு எப்போது திறக்கும், யாருக்காகத் திறக்கும் என்ற கேள்வி மிகவும் பிந்தியே எழுந்தது.

வாலில்லாக் குரங்குகள் என இங்கே குறிக்கப்படுபவை கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, ஒராங்குட்டான் ஆகிய பேருருவ இனங்களும், அவற்றைவிடச் சிறிய கிப்பன்களும் ஆகும். சாதாரணக் குரங்குகளிடமிருந்து இவை வேறுபடுவது வாலின்மையால் மட்டுமன்று. குட்டி தாயுடன் பல ஆண்டுகள் ஒட்டியே வளரும். நால்வகைப் பேருருவ இனங்களும் நாள்தோறும் கிளைகளையும் இலைகளையும் வளைத்துப் புதிய படுக்கை அமைத்து உறங்கும். ஈரக்காடுகளில் வாழ்ந்தாலும் மலைச்சாரலின் குளிரையும் நீண்ட மழையையும் தாங்கும் இனங்களும் இவற்றுள் உண்டு. இந்த மூன்றாவது செய்தியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியர் அறிந்திருக்கவில்லை என்பதிலிருந்தே உறைவிட வரலாறு தொடங்குகிறது.

இலண்டன் உயிரியல் பூங்காவுக்கு 1835ஆம் ஆண்டில் டாமி எனப் பெயரிடப்பட்ட சிம்பன்சி வந்து சேர்ந்து சில மாதங்களில் இறந்தது. 1837இல் வந்த ஜென்னி என்ற ஒராங்குட்டான், வெப்பமூட்டப்பட்டிருந்த ஒட்டகச்சிவிங்கி இல்லத்தில் வைக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே சென்ற சார்லஸ் டார்வின் அதன் நடத்தையைக் கூர்ந்து நோக்கிக் குறிப்புகள் எழுதினார். ஜென்னி 1839இல் இறந்தது. வெப்பநாட்டு விலங்குக்கு வெப்பமே உயிர் என்பது அக்காலத்து உறுதியான நம்பிக்கையாதலால் சன்னல்கள் அடைக்கப்பட்டன, அடுப்புகள் எரிந்தன; வெளிக்காற்றுப் புகாத அக்கூடங்களில் பார்வையாளர் கூட்டமாக நின்று இருமினர். மனிதரைப் பற்றும் சுவாச நோய்கள் ஏறத்தாழ அனைத்தும் இவ்விலங்குகளையும் பற்றும் என்பதால், குளிரிலிருந்து காக்கக் கட்டிய அறையே காசநோயையும் நுரையீரல் அழற்சியையும் வளர்க்கும் இடமாயிற்று. இதற்கு மேல், சாதாரணக் கண்ணாடி சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களில் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான பகுதியைத் தடுத்துவிடுவதால், வெயில் தெரியும் அறையிலேயே வளர்ந்த குட்டிகளுக்கு எலும்பு வளைந்து மெலியும் ரிக்கெட்ஸ் நோய் கண்டது. கொரில்லாவின் நிலை இன்னும் மோசம்; 1876இல் பெர்லினுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெரும் பரபரப்பை உண்டாக்கிய இளங்கொரில்லா மறு ஆண்டே மடிந்தது.

இந்நம்பிக்கையை முதலில் அசைத்தவர்கள் அறிவியலாளர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் 1907இல் தம் பூங்காவைத் திறந்த விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக், கம்பிகளுக்குப் பதில் அகழிகளால் விலங்கையும் மனிதரையும் பிரித்தார். வெப்பநாட்டு விலங்குகளும் பழக்கினால் குளிர்க்காற்றைத் தாங்கும் என்பதை வணிக அனுபவத்தால் அறிந்து சொன்னார். கியூபாவின் ஹவானாவில் ரோசாலியா அப்ரேயு என்ற செல்வச் சீமாட்டி தம் மாளிகைத் தோட்டத்தில் வாலில்லாக் குரங்குகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்த்தார். சிறையில் கருவுற்றுப் பிறந்து வளர்ந்த முதல் சிம்பன்சியாக அறியப்படும் அனுமா 1915இல் அங்கேதான் பிறந்தது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்க்கீஸ் அங்கே சென்று கற்றவற்றை 1925இல் நூலாக்கினார்; ஐந்தாண்டுகளுக்குப் பின் புளோரிடாவில் அவர் சிம்பன்சி ஆய்வு நிலையம் தொடங்கியபோது இந்த முன்மாதிரி அவர் கண்முன் இருந்தது.

உள்ளும் வெளியும் ஒன்றேயான ஒரு கட்டடத்தை எழுப்ப முடியுமா என்ற கேள்விக்கு நவீனக் கட்டடக்கலை தந்த விடை இலண்டனில் நிற்கிறது. மோக், மொய்னா என்ற இரு கொரில்லாக்களுக்காக பெர்த்தோல்ட் லுபெட்கினும் அவரது டெக்டன் குழுவினரும் 1932–33இல் வடிவமைத்த வட்ட இல்லத்தில், ஒரு பாதி காங்கிரீட்டால் அடைத்த குளிர்காலக் கூடம். மறுபாதி கோடையில் திறந்த கம்பிக்கூண்டு. குளிர் வந்ததும் வளைந்த நகரும் சுவர்கள் அத்திறந்த பாதியை மூடிவிடும். பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இன்றும் இக்கட்டடம் இடம்பெறுகிறது. மோக் 1938இல் இறந்தது. கட்டடத்தின் வடிவவியல் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் பருவத்துக்கேற்பச் சுவரை நகர்த்துவது யார் என்று பார்த்தால், அது பொறியாளரின் கையில் இருந்ததே அன்றிக் கொரில்லாவின் விருப்பில் இல்லை. ஏறுவதற்கும் ஒளிவதற்கும் படுக்கை அமைப்பதற்கும் அவ்வட்டத்தில் இருந்தவை மிகச் சில.

இரண்டாம் உலகப்போரின் பின் வந்த இருபது ஆண்டுகளைத் தூய்மையின் காலம் எனலாம். நோய்தான் எதிரி என்று முடிவானதும், மருத்துவமனையே முன்மாதிரியாயிற்று: பீங்கான் ஓடு பதித்த சுவர்கள், நடுவில் வடிகால் கொண்ட தளம், துருப்பிடிக்காத எஃகுப் பலகை, நாள்தோறும் குழாய்நீரால் கழுவல், பார்வையாளரின் மூச்சைத் தடுக்கும் தடித்த கண்ணாடி. உயிர்காத்த அளவில் இம்முறை வென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிலடெல்பியா பூங்காவின் மாசா என்ற கொரில்லா 1984 இறுதியில் இறந்தபோது அதற்கு வயது 54. சிறையில் பிறந்த முதல் கொரில்லாவான கோலோ 1956 டிசம்பர் 22 அன்று ஒகையோவின் கொலம்பஸ் பூங்காவில் பிறந்தது. இரண்டாவதான கோமா 1959இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தது. ஆனால் இரண்டையும் மனிதரே புட்டிப்பால் கொடுத்து வளர்க்க நேர்ந்தது. கோமா பூங்கா இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங்கின் வீட்டில் வளர்ந்தது. பிற தாய்கள் குட்டி வளர்ப்பதைக் கண்டறியாத ஒரு பெண் கொரில்லா, குட்டியை எப்படி ஏந்துவது என்றுகூட அறியாமல் நின்றது. கழுவிய தளத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாத விலங்குகள் மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஆடின. தம் மயிரைத் தாமே பிடுங்கின. உண்டதைக் கக்கி மீண்டும் உண்டன. இவற்றை நோய்க்குறிகளாக அன்றி விலங்கின் குணமாகவே பலர் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மறுத்தவர்களில் முதன்மையானவர் பாசலிலும் பின்னர் சூரிக்கிலும் பூங்கா இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர். 1942இல் வெளிவந்த அவரது நூல், காட்டு விலங்கும் எல்லைகள் உள்ள வட்டாரத்தில்தான் வாழ்கிறது என்றும், அவ்வட்டாரத்துக்குள் உண்ணுமிடம், உறங்குமிடம், ஒளியுமிடம், நோக்குமிடம் எனப் பிரிவுகள் உண்டு என்றும் காட்டி, சிறையிடத்தின் பரப்பைவிட அதன் தன்மையே முக்கியம் என வாதிட்டது. இக்கருத்து ஏற்கப்பட ஒரு தலைமுறை பிடித்தது. அதுவரை நடந்தது என்ன என்பதற்கு அட்லாண்டா நகரப் பூங்காவின் வில்லி பி. என்ற ஆண் கொரில்லாவைவிடத் தெளிவான சான்று இல்லை. 1961இல் இளவயதில் அங்கே வந்த அது, 27 ஆண்டுகள் ஓர் உள்ளறையில் தனியே வாழ்ந்தது. துணைக்கு இருந்தவை தொங்கும் டயர் ஒன்றும் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும். 1984இல் அப்பூங்காவின் சீர்கேடுகள் வெளிப்பட்டு நாடறிந்த இழுக்காகியபின், குரங்குகளின் நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் டெரி மேப்பிள் பொறுப்பேற்றார். 1988 மே மாதத்தில் வில்லி பி. முதன்முறையாகப் புல்தரையில் கால் வைத்தது. பெண் கொரில்லாக்களுடன் சேர்க்கப்பட்ட அது 1994இல் தந்தையாயிற்று. 2000இல் இறக்கும்முன் ஐந்து குட்டிகளைக் கண்டது. தனிமையிலேயே வளர்ந்த விலங்கு குடும்பத்துக்குத் தகுதியற்றது என்ற தீர்ப்பை இந்த ஒரு வாழ்வு வலுவிழக்கச் செய்தது. மாற்றத்துக்குத் திடல் காரணமா, துணை காரணமா என்று பிரித்தறிய இயலாதெனினும், பிற்காலச் சான்றுகளை எடைபோட்டால் துணையின் பங்கே பெரிதெனக் கொள்ளத் தோன்றும்.

இதற்கிடையே இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், சூதாட்ட விடுதிகளால் பொருளீட்டிய ஜான் ஆஸ்பினால் தம் ஹௌலட்ஸ் தோட்டத்தில் கொரில்லாக்களை வேறுவிதமாக வைத்திருந்தார். பெருங்கம்பிக்கூண்டு, அதன் மேற்கூரையிலும் ஏறித் தொங்குவதற்கான கம்பிகள், தரையில் அடர்ந்த வைக்கோல் என அமைந்த அவ்விடம் கட்டடக்கலை இதழ் எதிலும் இடம்பெறும் அழகுடையதன்று. கோழி வளர்ப்போர் நன்கறிந்த ஆழ்கூள முறையே அது: தடித்த கூளத்தில் தானியமும் கொட்டைகளும் சிறு கனித்துண்டுகளும் தூவப்படும், அவற்றைத் தேடிப் பொறுக்குவதில் குடும்பம் முழுவதும் நாளின் பெரும்பகுதியைச் செலவிடும். அங்கும் ஆஸ்பினாலின் மற்றொரு பூங்காவிலும் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட கொரில்லாக்கள் பிறந்துள்ளன. கூளம் நோயைப் பெருக்கும் என்று தூய்மைக் காலத்தவர் அஞ்சியதற்கு மாறாக, ஸ்காட்லாந்தில் ஆர்னால்ட் சமோவும் உடனாய்வாளர்களும் எட்டுக் குரங்கினங்களைக் கொண்டு நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு, மரச்சீவல் பரப்பிய தளத்தில் சண்டை குறைவதையும், பழைய சீவல் நோய்க்கிருமிகளின் வளர்ச்சியை நாளடைவில் தடுப்பதையும் காட்டியது. உள்ளறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை எனலாம். அது சுவரிலோ கூரையிலோ அன்றித் தரையில் நிகழ்ந்தது என்பதாலோ என்னவோ, கட்டடக்கலை நூல்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

உள்ளும் வெளியும் விலங்குகளின் சமூகவாழ்வை எப்படி மாற்றுகின்றன என்பதை அறிய, நெதர்லாந்தின் ஆர்னெம் நகரிலுள்ள பர்கர்ஸ் பூங்காவின் சிம்பன்சிக் குடியிருப்பைப்போல் வாய்த்த இடம் வேறில்லை. அண்டோன், யான் வான் ஹூஃப் சகோதரர் 1971இல் தொடங்கிய இக்குடியிருப்பில், அகழி சூழ்ந்த வெளித்திடல் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். குளிர்காலக் கூடமோ அதில் இருபதில் ஒரு பங்களவே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இருபதுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் அக்கூடத்தில் அடைபட்டிருந்தன. இளவேனிலில் கதவு திறக்கும் முதல் நாள், வெளியே பாயும் விலங்குகள் ஒன்றையொன்று கட்டித்தழுவி முத்தமிட்டு வீறிட்டுக் கத்துவதை அங்கு ஆய்வு செய்த பிரான்ஸ் டி வால் தம் நூலில் வருணித்துள்ளார். திடலின் உயிர்மரங்களைப் பட்டையுரிப்பிலிருந்து காக்க மின்வேலி இட்டபோது, உடைந்த கிளைகளை ஏணியாகச் சாய்த்து வேலிக்கு மேலே ஏறும் உத்தியையும் அவை கண்டுபிடித்தன.

இடம் இருபது மடங்கு சுருங்கினால் சண்டை எவ்வளவு பெருகும்? எலிகளை நெருக்கி அடைத்து ஜான் கால்ஹூன் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளை மனத்தில் கொண்டவர்கள் பேரழிவை எதிர்பார்த்தனர். டி வாலும் கீஸ் நியூவென்ஹைசனும் 1982இல் வெளியிட்ட கணக்கில், குளிர்காலக் கூடத்தில் சண்டைகள் பெருகின எனினும் இரண்டு மடங்கை எட்டவில்லை. அதேவேளை, ஒன்றன் மயிரை ஒன்று பேன்பார்த்துச் சீராக்கும் செயலும், தாழ்நிலை விலங்கு உயர்நிலை விலங்கின்முன் பணிந்து முனகும் வணக்கமும் கூடின. நெரிசலான பேருந்தில் நிற்பவர்கள் கண்ணோடு கண் நோக்காமல் தோளை ஒடுக்கிக்கொள்வதுபோல, சிம்பன்சிகளும் இடநெருக்கடியை நடத்தையால் ஈடுகட்டின. உள்ளறை பேரழிவன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த அமைதி இலவசமாகக் கிடைத்ததன்று, விலங்குகள் இடைவிடாது உழைத்துப் பேணியது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

அவ்வுழைப்பு தோற்கும் இடம் எது என்பதை ஆர்னெமிலேயே 1980 செப்டம்பரில் ஓர் இரவு காட்டியது. யெரூன், நிக்கி, லூயிட் என்ற மூன்று வளர்ந்த ஆண்களுக்குள் தலைமைப் போட்டி முற்றியிருந்தது. இரவில் அவற்றைத் தனித்தனி அறைகளில் பிரிக்கப் பராமரிப்பாளர்கள் முயன்றும் அவை இணங்கவில்லை. காலையில் லூயிட் இரத்தவெள்ளத்தில் கிடந்தது, விரல்கள் கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தன, விரைகள் பிடுங்கப்பட்டிருந்தன. அறுவை சிகிச்சை பலனளிக்கவில்லை. பகலில், திடலில், இத்தகைய மோதல் எழுந்தால் மூத்த பெண்கள் கூட்டமாக இடைபுகுந்து கத்தி அடக்குவதுண்டு. தாக்கப்பட்டது தொலைவுக்கு ஓடவும் இயலும். இரவறையில் இவ்விரண்டும் இல்லை. கொலைக்குக் காரணம் அரசியல்தான் என்று டி வால் வாதிட்டதை ஏற்கலாம். ஆனால் அந்த அரசியலுக்கு வெளியேற வழியில்லாத அரங்கத்தைக் கொடுத்தது, மனிதரின் வசதிக்காக வகுத்த இரவு நேர அட்டவணை.

திடலின் பக்கம் பெரும்பாய்ச்சல் சியாட்டிலில் நிகழ்ந்தது. உட்லண்ட் பார்க் பூங்காவின் இயக்குநர் டேவிட் ஹான்காக்ஸும் ஜோன்ஸ் & ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனத்தாரும், காட்டுக் கொரில்லாக்களை ஆராய்ந்துவந்த டயான் ஃபாஸியிடம் கருத்துக் கேட்டு அமைத்த கொரில்லாத் திடல் 1970களின் இறுதியில் திறக்கப்பட்டது. உண்மையான மரங்களை விலங்குகள் அழித்துவிடும், கிளையிலிருந்து விழுந்து சாகும், அடர்செடிகளுக்குள் அவற்றைப் பார்வையாளர் காணவே முடியாது என்ற எச்சரிக்கைகள் எழுந்தன. கொரில்லாக்கள் சில செடிகளைத் தின்றன, சில கிளைகளை முறித்தன, காடு பிழைத்தது. பார்வையாளரும் விலங்கும் ஒரே நிலக்காட்சிக்குள் நிற்பதாக உணரவைக்கும் இம்முறை, ‘நிலக்காட்சியில் அமிழ்த்தல்’ என்ற பொருளுடைய பெயரால் உலகெங்கும் பரவியது. நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் 1999இல் திறந்த 6.5 ஏக்கர் காங்கோ கொரில்லாக் காடும், லைப்சிக்கில் 2001இல் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துடன் இணைந்து எழுந்த ஏறத்தாழ 3 ஹெக்டேர் பொங்கோலாந்தும் அதன் வழித்தோன்றல்கள்.

பார்ப்பவருக்கு நிறைவளிக்கும் திடல், வாழ்பவருக்கும் நிறைவளிக்கிறதா என்பதை அளந்தபோது கிடைத்த விடை சற்றுச் சங்கடமானது. அட்லாண்டாவின் பரந்த திடல்களில் தாரா ஸ்டொய்ன்ஸ்கியும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு, 2001இல் வெளிவந்தது. கொரில்லாக்கள் தம் நேரத்தில் பாதியைத் திடலின் 15 விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பில் கழித்தன என்றும், உள்ளறைக் கட்டடத்தை ஒட்டிய பகுதியையே அவை விரும்பின என்றும் அது கண்டது. திடல் வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். உணவு உள்ளிருந்து வருகிறது. பராமரிப்பாளரும் அங்கிருந்தே வருகிறார். முதுகுக்குச் சுவர் இருந்தால் பின்னாலிருந்து யாரும் அணுக முடியாது. ஹெடிகரின் சொற்களை நினைத்தால், கொரில்லாக்கள் வாசலைத் தம் வட்டாரத்தின் நடுப்புள்ளியாகக் கொண்டிருந்தன. பச்சைத் திடலின் பெரும்பகுதி பார்வையாளரின் கண்ணுக்கான பின்திரையாக இருக்க, விலங்கின் வாழ்வு கதவருகே குவிந்திருந்தது. போதாக்குறைக்கு, பல திடல்களில் செடிகளைச் சுற்றி மெல்லிய மின்கம்பி ஓடுகிறது. தொடமுடியாத இலை விலங்குக்கு ஓவியத்தில் கண்ட இலையே.

அகழியும் முழுத்தீர்வாக அமையவில்லை. வாலில்லாக் குரங்குகள் பொதுவாக நீந்தத் தெரியாதவை. 1951இல் பிராங்ஸ் பூங்காவின் மக்கோகோ என்ற கொரில்லா அகழிநீரில் மூழ்கி மாண்டது முதல், இவ்வகை இறப்புகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. மறுபுறம், நீரே போதும் என நம்பிய ராட்டர்டாம் பூங்காவில் 2007 மே மாதத்தில் பொகிட்டோ என்ற ஆண் கொரில்லா அதைக் கடந்துவந்து ஒரு பெண்மணியைப் படுகாயப்படுத்தியது. சரிவான அடித்தளம், நீருக்கடியில் பற்றிக்கொள்ள வலை, கரையோர மின்கம்பி என இன்று காவல்கள் கூடியுள்ளன.

மரத்திலேயே வாழும் இனங்களுக்குத் தரைப்பரப்பைக் கணக்கிடுவதே பொருத்தமற்றது. கைமாற்றிக் கைமாற்றித் தாவும் கிப்பனுக்கு நீளமும் உயரமும் வேண்டும்; ஒராங்குட்டானுக்கு அதன் எடையைத் தாங்கும் வளைந்துகொடுக்கும் பிடிகள் வேண்டும். வாஷிங்டன் தேசியப் பூங்கா 1995இல் எழுப்பிய ஒராங்குட்டான் பாதை இதற்கு வேறொரு விடை தந்தது: ஏறத்தாழ 15 மீட்டர் உயரக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் வடங்கள், அவற்றின்மேல் பார்வையாளரின் தலைக்கு மேலாக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒராங்குட்டான்கள். செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். சியாட்டில் திடலின் வடிவமைப்பில் பங்குகொண்ட ஜான் கோ, பின்னாளில் பெரிய திடல்களைவிட விலங்குகள் இடம்பெயரும் பாதைகளுக்காக வாதாடத் தொடங்கியது பொருள்பொதிந்த மாற்றம். பிலடெல்பியா பூங்கா 2011 முதல் மரங்களுக்கு நடுவே கம்பிவலைக் குழாய்ப் பாதைகளை நீட்டி, 2014இல் கொரில்லாக்களுக்கும் ஒன்றை அமைத்தது. எடின்பரோவில் 2008இல் திறந்த புடோங்கோ சிம்பன்சி இல்லம், ஒரு பெருங்கூடத்துக்குப் பதில், வெப்பநிலையும் ஈரப்பதமும் வேறுபட்ட மூன்று கூடங்களைக் குகைப்பாதைகளால் இணைத்தது. 2010இல் நெதர்லாந்திலிருந்து 11 சிம்பன்சிகள் வந்து அங்கிருந்த 11 சிம்பன்சிகளுடன் கலக்க நேர்ந்தபோது, ஒன்றையொன்று விலகிச் செல்ல வழிகள் பல இருந்தது பெரும் வசதியாயிற்று.

கதவின் நுட்பத்தை நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. வளர்ந்த சிம்பன்சியின் அறைக்குள் பராமரிப்பாளர் நுழைவது ஆபத்தாதலால், விலங்கை ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிக் கதவை வெளியிலிருந்து நகர்த்தி மூடியபின்தான் காலியான அறை துப்புரவாகும். பக்கவாட்டில் ஓடும் கதவு, மேலிருந்து விழும் கதவைவிடப் பாதுகாப்பானது. கதவிடுக்கில் விரல் சிக்குவதைத் தவிர்க்க இயக்குபவர் இருபுறமும் பார்க்கும்படி அமைய வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் குறைந்தது இரண்டு வாயில்கள் இருந்தால்தான் கூட்டத்தில் தாழ்ந்த விலங்கு மூலையில் சிக்காது. ஒற்றை வாயிலறை ஒரு பொறி. பூட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 1968இல் ஒமாஹா பூங்காவின் ஃபூ மான்சூ என்ற ஒராங்குட்டான் உதட்டுக்குள் கம்பித்துண்டை ஒளித்துவைத்துக் கதவைத் திறந்து மீண்டும் மீண்டும் வெளியேறியது. தான் அடைபட்டிருக்கும் வீட்டின் முதன்மையான பகுதி எது என்பதில் அதற்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

கதவு திறந்திருப்பதே ஒரு நன்மையா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் முறையாக எழுப்பியது இந்நூற்றாண்டில்தான். ஸ்டீபன் ராஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சோடி துருவக்கரடிகளுக்கு உள்ளறைக் கதவைத் திறந்துவைத்தபோது, பொருளின்றி முன்னும் பின்னும் நடக்கும் நடை குறைந்தது. சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்காவில் 2004இல் திறந்த ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கு நிலையத்தில் அவரும் உடனாய்வாளர்களும் அதே வினாவைச் சிம்பன்சிகளிடமும் கொரில்லாக்களிடமும் கொண்டுசென்று, வெளியே செல்லும் தெரிவு இருப்பதே நடத்தையை மாற்றுகிறது என 2014இல் எழுதினர். சிகாகோவின் குளிரில் திறந்த கதவு என்பது வெப்பச்செலவையும் குறிக்கும். கனத்த நெகிழ்திரைகள் கதவில் தொங்கவிடப்படுவது அதற்காகவே.

இரவறையின்மீது வடிவமைப்பாளரின் கவனம் எவ்வளவு குறைவு என்பதை இரண்டு தீவிபத்துகள் உணர்த்தின. 1995 டிசம்பர் 24 அன்று நள்ளிரவில் பிலடெல்பியா பூங்காவின் குரங்கு இல்லத்தில் புகை பரவி, கொரில்லாக் குடும்பம் ஒன்றும் ஒராங்குட்டான்களும் கிப்பன்களும் உட்பட 23 விலங்குகள் மடிந்தன. 2020 புத்தாண்டு பிறந்த இரவில், தீயுடன் பறக்கவிடப்பட்ட வானவிளக்கு ஒன்று ஜெர்மனியின் கிரேஃபெல்ட் பூங்காவில் 1975இல் கட்டப்பட்ட குரங்கு இல்லத்தின் ஒளிபுகும் கூரைமேல் விழுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் எரிந்தன. இரண்டு சிம்பன்சிகள் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டன. அதே பூங்காவில் 2012இல் தனியே அமைக்கப்பட்டிருந்த கொரில்லாத் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு ஊறு நேரவில்லை. தீ பரவாத பொருள்கள், புகையறியும் கருவிகள் ஆகியவற்றோடு, யாரும் இல்லாத இரவில் வெளியேறும் வழி எது என்ற வினாவையும் இவ்விபத்துகள் விட்டுச்சென்றன. கிருமிக்கு எதிரான கண்ணாடிக்கும் வேலை முடிந்துவிடவில்லை. 2021 சனவரியில் சான் டியேகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்கே கோவிட் தொற்றியது.

வெப்பநாடுகளில் இச்சிக்கலின் ஒருபாதி இயல்பாகவே நீங்குகிறது. 1973இல் திறந்த சிங்கப்பூர்ப் பூங்காவில் ஒராங்குட்டான்கள் உயர்ந்த மரங்களிலேயே பகலைக் கழிக்க முடிகிறது. ஆனால் தட்பவெப்பம் ஒத்துவந்தால் போதும் என்று எண்ணுவதற்கில்லை. டப்ளினிலிருந்து 1995இல் மைசூருக்கு வந்த போலோ என்ற கொரில்லா, இந்தியாவின் ஒரே கொரில்லாவாக, வெளித்திடலும் மரநிழலும் இருந்தும் இணையின்றியே 2014இல் இறந்தது. 2021இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண்கள் ஒன்றாக அங்கே வந்தபோதுதான் அந்த இல்லத்தில் மீண்டும் கொரில்லாவின் குரல் கேட்டது.

நாடுகள் வகுத்துள்ள விதிகள் பெரும்பாலும் சதுர மீட்டர்களிலும் வெப்பப் பாகைகளிலுமே பேசுகின்றன. அளப்பதற்கும் ஆய்வாளர் வந்து சரிபார்ப்பதற்கும் அவை எளியவை. கதவு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்ற கணக்கு அவ்விதிகளில் அரிதாகவே காணப்படுகிறது. கோடை இரவுகளில் கதவைத் திறந்தே விடும் பூங்காக்கள் இன்று சில உள்ளன. அங்கே எழும் தடைகள் விலங்கிடமிருந்து வருபவை அல்ல: இரவுக் காவலருக்கான ஊதியம், திடலின் வேலியை இருளில் கண்காணிக்கும் கருவிகள், காலையில் உள்ளே வர மறுக்கும் விலங்கை எதிர்பார்த்துத் துப்புரவு நேரத்தை மாற்றியமைத்தல், திறப்பு நேரத்தில் கொரில்லா கண்ணில் படவில்லை என்று குறைகூறும் பார்வையாளருக்கு விடை சொல்லுதல் ஆகியவையே அவை.